மின்விசிறிக்குப் பின் ஏ.சி.யா?

2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் தமிழ்நாட்டில் ஒரு திட்டம் தொடங்கப்பட்டது. அரிசி வாங்கும் குடும்ப அட்டை உள்ள வீடுகளுக்கு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி ஆகிய மூன்றும் விலையின்றி வழங்கப்பட்டன. உங்களில் சிலர் வீட்டில் அந்த மின்விசிறி இன்றும் சுழன்றுகொண்டிருக்கலாம். பின்னர் 2016 மே 23ஆம் நாள், வீடுகளுக்கு இரண்டு மாதத்திற்கு 100 யூனிட் மின்சாரம் கட்டணமின்றி வழங்கும் ஆணையில் கையெழுத்தாயிற்று.

இப்போது கோடை வந்தால் வேறொரு பேச்சு எழுகிறது. "காற்றுக்கு விசிறி கொடுத்த அரசு, குளிர்ச்சிக்கு ஏ.சி. கொடுத்தால் என்ன? முழுவதும் கொடுக்க முடியாவிட்டால் பாதி விலையையாவது ஏற்கலாமே!" என்கிறார் ஒருவர். "ஏ.சி. பணக்காரர் பொருள், அதற்கு ஏன் ஊரார் பணம்?" என்கிறார் மற்றொருவர்.

இது அரசியல்வாதிகள் மட்டும் தீர்க்கவேண்டிய வழக்கு என்று எண்ணிவிடாதீர்கள். இதில் பாதி இயற்பியல். வெப்பம் எங்கிருந்து வீட்டுக்குள் வருகிறது, உடம்பு அதை எப்படித் தாங்குகிறது, ஏ.சி. அதை எங்கே கொண்டு போய்ப் போடுகிறது என்பன தெரிந்தால், பணத்தை எதற்குச் செலவிடலாம் என்பதும் தெளிவாகும். நீங்கள் படிக்கும் பாடங்களைக் கொண்டே இதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். எடுத்துக்காட்டுக்குத் தேனி மாவட்டத்தையும், கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் எனத் தொடரும் கம்பம் பள்ளத்தாக்கையும் எடுத்துக்கொள்வோம்.

உடம்பு ஓர் அடுப்பு

சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவருடைய உடம்பு ஏறக்குறைய 100 வாட் வெப்பத்தை வெளிவிடுகிறது. அதாவது, பழைய 100 வாட் குண்டு பல்பு ஒன்று எரிவதற்குச் சமம். உணவு உள்ளே எரிந்துகொண்டே இருப்பதால் இந்த வெப்பம் நிற்பதில்லை. இது வெளியேறாவிட்டால் உடம்பின் வெப்பநிலை ஏறத் தொடங்கிவிடும்.

நம் தோலின் வெப்பநிலை சுமார் 35 டிகிரி செல்சியஸ். சுற்றிலும் உள்ள காற்று 28 டிகிரி என்றால் கவலையில்லை. வெப்பம் சூடான பொருளிலிருந்து குளிர்ந்த பொருளுக்குப் பாயும் என்ற விதிப்படி, தோலிலிருந்து காற்றுக்குத் தானாகவே போய்விடும். காற்று 35 டிகிரியைத் தாண்டினால் அந்த வழி அடைபடுகிறது. வெப்பம் எதிர்த்திசையில் உடம்புக்குள் நுழையத் தொடங்குகிறது. தேனியில் சித்திரை, வைகாசியில் பகல் வெப்பநிலை 37, 38 டிகிரியைத் தொடுவது உண்டு. அப்போது மிஞ்சியிருப்பது ஒரே வழி: வியர்வை.

ஒரு கிலோகிராம் வியர்வை ஆவியாக ஏறக்குறைய 24 லட்சம் ஜூல் வெப்பத்தை உடம்பிலிருந்து எடுத்துக்கொள்கிறது. 100 வாட் என்பது ஒரு மணி நேரத்தில் 3,60,000 ஜூல். வகுத்துப் பாருங்கள்: மணிக்கு 150 கிராம் வியர்வை ஆவியானால் போதும். இளைஞர்களுக்கு இது எளிது. முதியவர்களுக்கு வியர்வை குறைவாகச் சுரக்கும். இதய நோயாளிகளுக்கு, தோலுக்கு மிகுதியான இரத்தத்தை அனுப்புவதே பெரும் பாடு. கைக்குழந்தை தனக்குத் தண்ணீர் வேண்டும் என்று சொல்லவும் இயலாது. ஆகவே ஒரே அறையில் ஒரே வெப்பநிலையில் இருந்தாலும், எல்லாருக்கும் ஆபத்து ஒரே அளவில் இல்லை. இந்தச் செய்தியை நினைவில் வையுங்கள், கடைசியில் தேவைப்படும்.

விசிறி எதுவரை உதவும்?

மின்விசிறி காற்றைக் குளிர்விப்பதில்லை. பூட்டிய அறையில் ஆளில்லாமல் விசிறியை ஓடவிட்டால், அதன் மோட்டார் வெளிவிடும் வெப்பத்தால் அறை சற்றே சூடாகத்தான் செய்யும். தோலை ஒட்டி நிற்கும் ஈரக்காற்றைத் தள்ளிவிட்டு, வியர்வை விரைவாக ஆவியாக வழி செய்வதே விசிறியின் வேலை. அதனால்தான் வியர்த்தவனுக்கு விசிறிக் காற்று சுகமாயிருக்கிறது.

காற்று மிகவும் சூடாகும்போது இந்த நன்மை தேய்கிறது. விசிறி உடம்பின்மேல் அனல் காற்றை வாரி வீசுகிறது. காற்றின் வெப்பநிலை 40 டிகிரிக்கு மேல் போனால் மின்விசிறி உடம்பை மேலும் சூடாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. தேனியில் பெரும்பாலான நாட்கள் இந்த எல்லைக்குக் கீழேயே இருப்பதால், விசிறி இங்கே இன்னும் நல்ல நண்பன்தான். ஆனால் காங்கிரீட் தளத்தின் கீழே, மொட்டைமாடியில் கட்டிய ஒற்றை அறையிலோ, தகரக் கூரையின் அடியிலோ உள்ள வெப்பநிலை, வானிலை நிலையம் சொல்லும் வெப்பநிலை அன்று. அது பல டிகிரி கூடுதலாக இருக்கும். ஏன்?

கூரையில் சேரும் கடன்

கோடை நண்பகலில் ஒவ்வொரு சதுர மீட்டர் தளத்தின்மேலும் ஏறக்குறைய 1,000 வாட் சூரிய ஒளி விழுகிறது. வெயிலில் கிடந்து கறுத்த காங்கிரீட் தளம் அதில் மூன்றில் இரண்டு பங்கை உறிஞ்சிக்கொள்ளும். புதிதாகச் சுண்ணாம்பு அடித்த தளமோ ஏறக்குறைய கால் பங்கைத்தான் உறிஞ்சும். மீதி திரும்பிப் போய்விடும்.

உறிஞ்சிய வெப்பம் உடனே உள்ளே வந்துவிடுவதில்லை. காங்கிரீட் அதைத் தன்னுள் சேமித்து வைத்துக்கொண்டு, சில மணி நேரம் கழித்து அறைக்குள் இறக்குகிறது. நண்பகலில் வாங்கிய கடனை இரவில் திருப்பித் தருவது போன்றது இது. சூரியன் மறைந்து தெருவெல்லாம் குளிர்ந்த பின்னும் காங்கிரீட் வீட்டுக்குள் புழுக்கம் நீடிப்பதற்கு இதுவே காரணம். ஓட்டு வீடும் கீற்று வீடும் இருந்த இடங்களில் காங்கிரீட் வீடுகள் எழுந்த பிறகு, பகல் வெயிலைவிட இரவுப் புழுக்கமே பலருக்குப் பெரிய தொல்லையாயிற்று. வெயிலில் தோட்ட வேலை செய்து திரும்பிய உடம்பு ஆறுவது இரவில்தான். மறுநாள் தேர்வு எழுதவேண்டிய மாணவனும் அந்த இரவில்தான் தூங்கியாகவேண்டும்.

அளவு எவ்வளவு என்று பார்ப்போம். 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம் உள்ள அறை. தளத்தின் கனம் 12 சென்டிமீட்டர். காங்கிரீட்டின் கன அளவு 1.44 கன மீட்டர். கன மீட்டருக்கு 2,400 கிலோகிராம் வீதம், தளத்தின் நிறை ஏறக்குறைய 3,450 கிலோகிராம். அதன் தன்வெப்பம் கிலோகிராமுக்கு 0.88 கிலோஜூல். மாலையிலிருந்து விடியும்வரை அந்தத் தளம் 10 டிகிரி குளிர்கிறது என்று கொள்வோம். அது வெளிவிடும் வெப்பம் 30,000 கிலோஜூலுக்குச் சற்று மேல். 3,600 கிலோஜூல் ஒரு யூனிட் ஆகையால், இது 8.4 யூனிட். அதில் பாதி வானத்தை நோக்கிப் போகிறது என்று வைத்தாலும், 4.2 யூனிட் வெப்பம் உங்கள் தலைமேல் இறங்குகிறது.

வெப்பம் காற்றின் வழியாக மட்டும் வருவதில்லை, கதிர்வீச்சாகவும் வருகிறது. வெப்பக் கதிர்வீச்சு தனிவெப்பநிலையின் நான்காம் படிக்கு ஏற்ப உயரும் என்பது ஸ்டெஃபான்–போல்ட்ஸ்மான் விதி. 35 டிகிரியில் இருக்கும் உட்கூரையைவிட, 45 டிகிரியில் இருக்கும் உட்கூரை ஒவ்வொரு சதுர மீட்டரிலிருந்தும் ஏறக்குறைய 70 வாட் கூடுதலாகக் கீழ்நோக்கி வீசும். 12 சதுர மீட்டருக்கு 840 வாட். தலைக்கு மேலே ஒரு மின்சார அடுப்பைத் தொங்கவிட்டுக்கொண்டு, அதன் கீழே விசிறியைச் சுழற்றிப் படுத்திருக்கிறோம் எனலாம்.

ஒரு டன் என்றால் என்ன?

கடையில் "ஒரு டன் ஏ.சி., ஒன்றரை டன் ஏ.சி." என்பார்கள். அது இயந்திரத்தின் எடை அன்று. ஐஸ் கட்டியை வைத்துக் குளிர்வித்த காலத்துச் சொல் அது. ஓர் அமெரிக்க டன், அதாவது 907 கிலோகிராம் ஐஸ், 24 மணி நேரத்தில் உருகும்போது உறிஞ்சும் வெப்பத்திற்குச் சமமான வேலையைச் செய்யும் இயந்திரமே ஒரு டன் ஏ.சி. ஐஸின் உள்ளுறை வெப்பம் கிலோகிராமுக்கு 334 கிலோஜூல். பெருக்கி, ஒரு நாளின் 86,400 வினாடிகளால் வகுத்தால் 3.5 கிலோவாட் வரும்.

ஏ.சி. வெப்பத்தை அழிப்பதில்லை, இடம் மாற்றுகிறது. கிணற்றுத் தண்ணீரை மோட்டார் மேலே ஏற்றுவதுபோல, குளிர்ந்த அறையிலிருந்து சூடான தெருவுக்கு வெப்பத்தை ஏற்றி இறைக்கிறது. இறைப்பதற்கு மின்சாரம் வேண்டும். உள்ளே இருந்து 3.5 கிலோவாட் வெப்பத்தை எடுக்கச் சுமார் 1 கிலோவாட் மின்சாரம் செலவாகிறது என்றால், வெளியே கொட்டப்படுவது இரண்டும் சேர்ந்த 4.5 கிலோவாட்.

குறுகிய தெருவொன்றை எண்ணிப் பாருங்கள். பத்து வீடுகளில் ஐந்தில் ஏ.சி. ஓடுகிறது. அந்த ஐந்து வீட்டு வெப்பமும், அவற்றின் மின்சாரமும் சேர்ந்து தெருவில் வந்து விழுகின்றன. மற்ற ஐந்து வீடுகள் காற்றுக்காகச் சன்னலைத் திறந்து வைத்திருக்கின்றன. அந்த வெப்பம் அவர்கள் வீட்டுக்குள் போகும். ஆகவே ஏ.சி.க்கு அரசு பணம் கொடுப்பது, வாங்குபவருக்கும் அரசுக்கும் இடையே முடிந்துபோகும் கொடுக்கல் வாங்கல் அன்று. பக்கத்து வீட்டுக்காரருக்கும் அதில் தொடர்பு உண்டு.

வாங்கும் விலையா, ஓட்டும் விலையா?

ஏ.சி. விலையைக் குறைக்க அரசு ஏற்கெனவே ஒரு வழியில் உதவியிருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் ஏ.சி. மீதான ஜி.எஸ்.டி. வரி 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்தது. வரிக்கு முந்தைய விலை 30,000 ரூபாய் என்றால், 3,000 ரூபாய் மிச்சம். ஆனால் இந்த உதவி ஏ.சி. வாங்கக் கூடியவருக்கு மட்டுமே போய்ச் சேரும். 2019இல் மத்திய அரசு வெளியிட்ட இந்தியக் குளிர்விப்புச் செயல்திட்டத்தின்படி, அப்போது நாட்டில் ஏ.சி. இருந்த வீடுகள் ஏறக்குறைய 8 விழுக்காடுதான்.

அதைவிடப் பெரிய செய்தி, ஏ.சி. வீட்டுக்கு வந்த பிறகு தொடங்குகிறது. கணக்கு எளிதாக இருக்க, 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு மின்கட்டணத்தை எடுத்துக்கொள்வோம். அதன்பின் கட்டணம் சற்று உயர்ந்தது. இரண்டு மாதத்தில் 500 யூனிட் வரை செலவிட்டவருக்கு முதல் 100 யூனிட் இலவசம். 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாய், 201 முதல் 400 வரை 4.50 ரூபாய்; 401 முதல் 500 வரை 6 ரூபாய். 500ஐத் தாண்டியவருக்கு 2.25 ரூபாய்ப் படி இல்லை; 101 முதல் 400 வரை முழுவதுமே 4.50 ரூபாய். 500க்கு மேற்பட்ட ஒவ்வொரு யூனிட்டும் 8 ரூபாய். 600ஐத் தாண்டினால் இன்னும் கூடும்.

ஒரு குடும்பம் ஏ.சி. இல்லாமல் இரண்டு மாதத்திற்கு 200 யூனிட் செலவிடுகிறது. கட்டணம் 225 ரூபாய்.

அவர்கள் ஒரு டன் ஏ.சி. வாங்கி இரவில் 8 மணி நேரம் ஓட்டுகிறார்கள். நின்று நின்று ஓடுவதால் சராசரியாக 0.7 கிலோவாட் என்று கொள்வோம். ஓர் இரவுக்கு 5.6 யூனிட், 60 இரவுக்கு 336 யூனிட். மொத்தம் 536. கட்டணம் எவ்வளவு? முதல் 100 இலவசம். அடுத்த 300 யூனிட்டுக்கு 1,350. அடுத்த 100க்கு 600. கடைசி 36க்கு 288. ஆக 2,238 ரூபாய். மின்சாரம் இரண்டே முக்கால் மடங்குகூட ஆகவில்லை. கட்டணமோ ஏறக்குறைய பத்து மடங்கு!

அரசு ஏ.சி.யைப் பாதி விலைக்கே கொடுத்தாலும், 225 ரூபாய் கட்டிவந்த குடும்பம் 2,238 ரூபாயை எப்படிக் கட்டும்? ஒன்று, ஏ.சி.யை நிறுத்தி வைத்து அதன்மேல் துணியைப் போர்த்திவிடுவார்கள். அல்லது வேறு செலவைக் குறைத்துக்கொண்டு கட்டுவார்கள். இயந்திரத்தின் விலைக்கு மட்டும் மானியம் தருவது, தண்ணீர் இல்லாத ஊரில் குழாயை மட்டும் பதித்துக் கொடுப்பதைப் போன்றது.

மின்சாரம் எப்போது வருகிறது?

"அப்படியானால் மின்சாரத்தையும் அரசே கொடுக்கட்டும்" எனலாம். அந்த மின்சாரம் எங்கிருந்து வரும் என்று பார்க்கவேண்டும்.

தேனி மாவட்டமே மின்சாரம் விளையும் பூமிதான். பெரியாற்று நீர் மலையைக் குடைந்து வந்து லோயர் கேம்ப் மின்நிலையத்தில் விசையாழிகளைச் சுழற்றுகிறது. அமைக்கப்பட்டபோது அதன் திறன் 140 மெகாவாட். ஆனால் அணையில் நீர் குறைந்து கிடப்பது கோடையில். கம்பம் பள்ளத்தாக்கின் முதல் போக நெல்லுக்குத் தண்ணீர் திறப்பது, மழை நன்றாயிருக்கும் ஆண்டுகளில், ஜூன் தொடக்கத்தில். தேனி, ஆண்டிபட்டி பக்கத்துக் காற்றாலைகளும் மலைக் கணவாய்களின் வழியே தென்மேற்குப் பருவக்காற்று புகுந்து வீசும்போதுதான் முழு வேகம் கொள்ளும். இரண்டும் ஏ.சி. மிகுதியாக ஓடும் ஏப்ரல், மே கழிந்த பிறகே களைகட்டுகின்றன. சூரிய மின்சாரம் கோடையில் நிறையக் கிடைக்கும். ஆனால் வீட்டு ஏ.சி.யைப் போடும் இரவு பத்து மணிக்குச் சூரியன் இல்லை.

2024 மே 2ஆம் நாள் தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட் என்ற உயரத்தைத் தொட்டது. கோடையும் ஏ.சி.யும் சேர்ந்தால் தேவை எவ்வாறு ஏறுகிறது என்பதற்கு இது ஓர் அடையாளம். புதிதாக 10 லட்சம் வீடுகளில் ஏ.சி. ஒரே இரவு வேளையில் 0.7 கிலோவாட் வீதம் ஓடினால், 700 மெகாவாட் கூடுதலாக வேண்டும். லோயர் கேம்ப்பைப்போல ஐந்து மின்நிலையங்கள், அதுவும் நீர் குறைந்த பருவத்தில்! பெரும்பகுதியை நிலக்கரியை எரித்தோ, வெளியிலிருந்து அதிக விலைக்கு வாங்கியோதான் ஈடு செய்யமுடியும். அந்தச் செலவு கடைசியில் விசிறி மட்டும் உள்ள வீட்டின் தலையிலும் விழும்.

மறுபக்கத்து நியாயம்

இதுவரை படித்தவர்கள், "அப்படியானால் அரசு எதுவும் செய்யவேண்டாம்" என்ற முடிவுக்கு வந்துவிடக் கூடாது. மறுபக்கத்திலும் வலுவான நியாயம் இருக்கிறது.

2010 மே மாதம் அகமதாபாதில் வீசிய வெப்ப அலையின்போது, வழக்கமான மே மாதங்களைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்தனர் என்று பின்னர் வந்த ஆய்வு கணக்கிட்டது. 2021 கோடையில், குளிருக்குப் பேர்போன கனடா நாட்டின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தில் திடீர் வெப்பம் 619 பேரைக் கொன்றது. அவர்களில் 98 விழுக்காட்டினர் வீட்டுக்குள்ளே, கூரையின் கீழே இருந்தபோதுதான் வெப்பத்துக்கு இரையானார்கள். அமெரிக்காவில் வெப்ப நாட்களால் நேரும் மரணம் 1960க்குப் பிறகு பெரிதும் குறைந்ததற்கு வீட்டு ஏ.சி.யே முதற் காரணம் என்று 2016இல் வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டியது. ஏ.சி. உயிர் காக்கும் கருவி என்பதில் ஐயமில்லை.

தமிழ்நாடு அரசும் 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்தவர் குடும்பத்திற்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றும் கூறியது. இறந்த பின் 4 லட்சம் தருவதானால், இறவாமல் இருக்க முன்கூட்டியே சில ஆயிரம் செலவிடுவது தவறாகுமா? ஆகாது. அந்தச் சில ஆயிரத்தை எதில் செலவிடுவது என்பதே கேள்வி.

முதலில் கூரை, பிறகு இயந்திரம்

ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுமுன் ஓட்டையை அடைக்கிறோம் அல்லவா? வெப்பத்திற்கும் அதே வரிசைதான்.

முன்பு கணக்கிட்டபடி, அறையின் தளம் ஓர் இரவில் 4.2 யூனிட் வெப்பத்தை உள்ளே இறக்குகிறது. 3.5 யூனிட் வெப்பத்தை வெளியேற்ற ஏ.சி.க்கு 1 யூனிட் மின்சாரம் வேண்டும் என்பதால், தளத்து வெப்பத்தை மட்டும் நீக்க இரவுக்கு 1.2 யூனிட், 60 இரவுக்கு 72 யூனிட். தளத்திற்கு நன்றாகச் சுண்ணாம்பு அடித்து அதில் பாதியைத் தடுத்தால் 36 யூனிட் மிச்சம். முன்பு வந்த 536இலிருந்து 36ஐக் கழியுங்கள். சரியாக 500! 500ஐத் தாண்டாததால் மலிவான படி திரும்பக் கிடைக்கிறது. கட்டணம் 1,725 ரூபாய். ஒரு வெள்ளையடிப்பில் இரண்டு மாதத்தில் 513 ரூபாய் மிச்சம்.

ஏ.சி. இல்லாத வீட்டுக்கு இதனால் வரும் நன்மை இன்னும் பெரிது. அவர்களுக்கு மின்கட்டணம் ஏறாமலே, தலைக்கு மேலுள்ள "அடுப்பு" தணிகிறது. பக்கத்து வீட்டுக்கும் இதனால் வெப்பம் போவதில்லை. வந்த ஒளி வானத்துக்கே திரும்புகிறது. 2013இல் வெப்பத் தடுப்புச் செயல்திட்டம் வகுத்த அகமதாபாத், பின்னர் எளியோர் வீட்டுக் கூரைகளுக்கு வெள்ளையடிக்கும் வேலையையும் சேர்த்துக்கொண்டது. தெலங்கானா மாநிலம் 2023இல் குளிர்கூரைக் கொள்கை என்றே ஒன்றை வெளியிட்டது.

இதிலும் சிக்கல் இல்லாமலில்லை. சுண்ணாம்பு மழையிலும் தூசியிலும் மங்கும். ஆண்டுதோறும் கோடைக்கு முன் புதுப்பிக்கவேண்டும். வாடகை வீடு என்றால் கூரை வீட்டுக்காரருடையது, புழுக்கம் குடியிருப்பவருடையது; யார் வெள்ளையடிப்பது? அரசோ ஊராட்சியோ நகராட்சியோ தெருத்தெருவாக எல்லாக் கூரைக்கும் அடித்துக் கொடுத்தால் இந்த வழக்கு தீரும். உள்ளூரில் சிலருக்கு வேலையும் கிடைக்கும்.

கூரைக்கு அடுத்தது இரவுக் காற்று. மலைச்சரிவுகள் இரவில் விரைவாகக் குளிர்கின்றன. அவற்றை ஒட்டிய காற்றும் குளிர்ந்து, கனத்து, கீழே பள்ளத்தாக்கை நோக்கி இறங்குகிறது. மேற்கே ஏல மலைகளும் கிழக்கே வருசநாட்டு மலைகளும் சூழ்ந்த கம்பம் பள்ளத்தாக்கிற்கு இயற்கை தந்த கொடை இது. ஆனால் கொசுவுக்குப் பயந்து சன்னலைச் சாத்திவிட்டால் அந்தக் காற்று தெருவோடு போய்விடும். சன்னலுக்குக் கொசுவலை அடிக்கச் செய்யும் உதவிகூடக் குளிர்ச்சிக்கான உதவிதான்.

மூன்றாவது, திறன் மிகுந்த கருவி. அதே ஏ.சி. 0.7க்குப் பதில் 0.5 கிலோவாட்டில் ஓடினால், இரண்டு மாதச் செலவு 240 யூனிட், மொத்தம் 440, கட்டணம் 1,365 ரூபாய். ஐந்து நட்சத்திரக் கருவியின் கூடுதல் விலை சில கோடைகளில் திரும்பிவிடும். ஆனால் ஏழைக்கு முதலில் அந்தக் கூடுதல் விலையைப் புரட்டுவதே கடினம். இங்கே அரசு புகுந்து உதவலாம். 2015இல் தொடங்கிய உஜாலா திட்டத்தில் எல்.இ.டி. பல்புகளை மொத்தமாகக் கொள்முதல் செய்தபோது, 2014இல் 310 ரூபாயாக இருந்த கொள்முதல் விலை 2016இல் 38 ரூபாயாக இறங்கியது. பல்பு உற்பத்தியும் அப்போது மலிந்து வந்தது உண்மை. எனினும் கோடிக்கணக்கில் வாங்கும் கைக்குப் பேரம் பேசும் வலிமை உண்டு. திறன் மிகுந்த மின்விசிறிகளிலும் ஏ.சி.களிலும் இதையே செய்யலாம். 75 வாட் விசிறி செய்யும் வேலையை இன்று 30 வாட் விசிறி செய்துவிடுகிறது.

நான்காவதாகத்தான் ஏ.சி. மானியம் வருகிறது. அதுவும் எல்லாருக்கும் அன்று. முன்பு நினைவில் வைக்கச் சொன்னேனே, வெப்பம் எல்லாரையும் ஒரே அளவில் தாக்குவதில்லை என்று! பிரிட்டிஷ் கொலம்பியா அரசு 2023இல் 1 கோடி டாலர் ஒதுக்கி 8,000 ஏ.சி.களை வழங்க முன்வந்தபோது, வருமானம் குறைந்தவராயும் வெப்பத்தால் உடல்நிலை கெடக்கூடியவராயும் இருந்தவர்களையே தேர்ந்தெடுத்தது. படுக்கையில் கிடக்கும் முதியவர், இதய நோயாளி, சிறுநீரக நோயாளி ஆகியோர் உள்ள ஏழை வீட்டுக்குத் திறன் மிகுந்த ஏ.சி.யையும், கோடை மாதங்களில் அதை ஓட்டத் தேவையான யூனிட்டுகளையும் சேர்த்தே கொடுப்பது நியாயம். மற்றவர்களுக்கு, ஊருக்கு ஒரு குளிர்ந்த கூடம் இருந்தால் கடும் வெயில் நேரத்தைக் கழிக்க உதவும். அது பள்ளி வகுப்பறையாகவோ சமுதாயக் கூடமாகவோ இருக்கலாம். ஒரே இயந்திரம் ஐம்பது பேருக்குப் பயன்படும். பகலில் ஓடுவதால் அதைச் சூரிய மின்சாரத்திலேயே ஓட்டலாம்.

ஆகவே "ஏ.சி.க்கு அரசு உதவலாமா?" என்ற கேள்வியைச் சற்றே மாற்றிக் கேட்பது நல்லது: "மக்கள் பாதுகாப்பான குளிர்ச்சியில் வாழ அரசு உதவலாமா?" உதவவேண்டும் என்பதே என் கருத்து. ஆனால் வெப்பத்தை உள்ளே விட்டுவிட்டு வெளியே இறைப்பதற்குப் பணம் கொடுக்குமுன், அதை உள்ளே விடாமல் தடுப்பதற்குப் பணம் கொடுக்கவேண்டும்.

நீங்களே செய்து பாருங்கள்

ஒரே அளவுள்ள இரண்டு அட்டைப் பெட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டின் மேலும் ஒரே வகையான சிமெண்ட் ஓடு அல்லது தரைக்கல் ஒன்றைக் கூரையாக வையுங்கள். ஒரு கல்லுக்கு மட்டும் இரண்டு பூச்சுச் சுண்ணாம்பு அடித்து உலரவிடுங்கள். ஒவ்வொரு பெட்டியின் பக்கத்திலும் துளையிட்டு, ஒரு வெப்பமானியைக் கல்லைத் தொடாதபடி செருகுங்கள். இரண்டையும் மொட்டைமாடியில் அருகருகே வைத்துக் காலை 9, நண்பகல் 12, பிற்பகல் 3, மாலை 6, இரவு 9 ஆகிய மணிகளில் அளவெடுத்து, வரைபடத்தாளில் இரண்டு கோடுகளாக வரையுங்கள்.

மூன்று கேள்விகளுக்கு விடை தேடுங்கள். இரண்டு கோடுகளுக்கும் இடையே மிகுதியான வேறுபாடு எந்த மணியில் வந்தது? கல்லின் கனத்தை இரட்டிப்பாக்கினால் அந்த மணி முன்னே போகிறதா, பின்னே போகிறதா? ஒரு மாதம் மழையிலும் தூசியிலும் கிடந்த பிறகு அதே வேறுபாடு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது?

பிறகு உங்கள் வீட்டு மின்கட்டண அட்டையை எடுத்து, ஏப்ரல்–மே யூனிட்டையும் டிசம்பர்–ஜனவரி யூனிட்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். உங்கள் வீட்டில் கோடைக்கு என்ன விலை என்பது அதில் தெரிந்துவிடும்.